பார்வை தந்த பிளாஸ்டிக்: ஓட்டோ ரோம் வாழ்க்கைக் கதை

அக்ரிலிக் என்ற பெயரைக் கேள்விப்படாத டிப்ளமோ மாணவர் யாரும் இருக்க முடியாது. கிளினிக் வாசலில் தொங்கும் பெயர்ப் பலகை, நகைக்கடை ஷோகேஸ், வண்டியின் பின்விளக்கு மூடி, புராஜெக்ட் மாடலைத் தூசியிலிருந்து காப்பாற்ற நாம் செய்யும் கண்ணாடிப் பெட்டி, மேடையில் விண்வெளி வீரன் வேஷம் கட்டுகிறவன் தலையில் மாட்டும் ஹெல்மெட்டின் வைசர் என்று எங்கே திரும்பினாலும் அதுதான். ஆனால் அதைத் தெளிவான தகடாக வார்த்து மார்க்கெட்டுக்குக் கொண்டுவந்த மனிதர் யார் என்று கேட்டால், நம்மில் பாதிப் பேர் மோட்டுவளையைத்தான் பார்ப்போம். எடிசனைத் தெரியும், டீசலைத் தெரியும். ஓட்டோ ரோம்? ஏதோ ஊர்ப் பெயர் மாதிரி இருக்கிறதே என்பார்கள்.

நண்பர்களே, அது ஊர்ப் பெயர் இல்லை. ஜெர்மனியில் பிறந்த ஒரு வேதியியலாளரின் பெயர். அங்கே பிளாஸ்டிக் படிக்கிறவர்களுக்கு நன்கு தெரிந்த பெயர். அவருடைய வாழ்க்கையை இந்த மலரில் எழுத நான் ஆசைப்பட்டதற்குக் காரணம் உண்டு. படித்தது ஒன்று, கிடைக்கிற வேலை வேறொன்று என்று புலம்புகிற கூட்டம் நாம். அவருக்கும் அதே கதைதான். அதை அவர் எப்படிச் சமாளித்தார் என்பதுதான் விஷயம்.

மருந்துக்கடைப் பையன்

1876-ஆம் ஆண்டு, தென் ஜெர்மனியில் ஓரிங்கன் என்ற சின்ன ஊரில் ஓட்டோ ரோம் பிறந்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் நேராகப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடவில்லை. ஒரு மருந்துக்கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால் அப்ரண்டிஸ். மருந்து அரைப்பது, எடை போடுவது, குப்பி கழுவுவது எல்லாம் அதில் அடக்கம். கையை அழுக்காக்கிக்கொண்டு கற்றுக்கொள்வது என்ற பழக்கம் அங்கேதான் அவருக்கு ஒட்டியிருக்க வேண்டும். கடைசிவரைக்கும் அது போகவில்லை.

பிறகு மூனிச் நகரில் மருந்தியல் தேர்வில் தேறினார். அதோடு நிற்காமல் வேதியியல் படித்தார். ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் ஃபான் பெக்மான் என்ற பேராசிரியரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். இந்தப் பெக்மான் லேசுப்பட்ட ஆள் இல்லை. 1898-இல் வேறு ஏதோ செய்யப் போய், பாத்திரத்தில் மெழுகு மாதிரி ஒரு வெள்ளைப் பொருள் படிந்திருப்பதைக் கண்டார். இன்றைக்கு நாம் காய்கறி வாங்கிவரும் பாலிதீனுக்கு அதுதான் மூதாதை. அது எதற்கு உதவும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. குருவுக்கு அப்படி என்றால் சிஷ்யனுக்கு வேறு எப்படி அமையும்?

1901-இல் ரோம் டாக்டர் பட்டம் வாங்கினார். அப்போது வயது 25. ஆய்வின் தலைப்பு, அக்ரிலிக் அமிலம் சார்ந்த பொருட்கள் ஒன்றோடொன்று சேர்ந்து உருவாகும் பிசின்கள் பற்றியது. அதாவது, தண்ணீர் மாதிரி ஓடுகிற திரவம் சும்மா வைத்தாலே கெட்டியாகி, நிறமே இல்லாமல் பளிங்கு மாதிரி நிற்கிறது. இழுத்தால் ரப்பர் மாதிரி இழுபடுகிறது. ஏன்?

இன்றைக்கு முதலாமாண்டு மாணவனைக் கேட்டால்கூட, மூலக்கூறுகள் கைகோத்து நீளச் சங்கிலியாகின்றன, பாலிமர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவான். 1901-இல் அந்தப் பதில் உலகத்திலேயே கிடையாது. நீளச் சங்கிலி என்ற கருத்தை ஹெர்மன் ஸ்டாடிங்கர் எழுதியதே 1920-இல்தான். பல பெரிய விஞ்ஞானிகள் அதை அப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை. அவருக்கு நோபல் பரிசு கிடைக்க 1953 வரை ஆயிற்று. ஆக, ரோம் கையில் இருந்தது பதில் இல்லாத ஒரு கேள்வி. மார்க்கெட்டும் இல்லாத ஒரு பொருள். அதை வைத்துக்கொண்டு சாப்பிட முடியுமா?

நாற்றத்தில் பிறந்த கம்பெனி

முடியாது. ஆகவே வேலை தேடினார். டார்ம்ஸ்டாட் நகரில் ஒரு மருந்துக் கம்பெனியில் கொஞ்ச நாள் இருந்தார். பிறகு ஸ்டுட்கார்ட் நகராட்சியின் எரிவாயு ஆலையில் வேதியியலாளர் வேலை. நிலக்கரியைச் சூடாக்கி வாயு எடுத்து ஊருக்கு விளக்கெரிக்கக் கொடுக்கிற ஆலை அது. வாயுவைக் கழுவி வெளியேறும் தண்ணீருக்கு ஒரு காரமான நெடி உண்டு. அந்த நெடி அவருக்கு வேறொன்றை நினைவூட்டியது. பக்கத்துத் தோல் ஷாப்புகளிலிருந்து காற்றில் வருகிற நாற்றம்!

இங்கே தோல் பதனிடுவது பற்றி இரண்டு வரி சொல்ல வேண்டும். பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டு முடியை நீக்குவார்கள். அதற்குப் பிறகு தோல் உப்பி விறைத்துக் கிடக்கும். அதை மறுபடி மிருதுவாக்கினால்தான் நல்ல தோல் கிடைக்கும். இதற்கு அந்தக் காலத்தில் எதைப் போட்டார்கள் தெரியுமா? நாயின் கழிவு. சில இடங்களில் புறா எச்சம். சிரிக்காதீர்கள், நூற்றாண்டுக்கணக்காக உலகம் முழுக்க இதுதான் நடைமுறை. ஒரு நாள் நன்றாக வரும், மறுநாள் தோல் அழுகிப்போகும். அதில் நின்று வேலை செய்த தொழிலாளியின் நிலைமையை நான் சொல்ல வேண்டியதில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு நாம் கடந்துபோகிற இடத்தில் ஒருவன் 10 மணி நேரம் நின்று பிழைத்திருக்கிறான்.

ரோம் யோசித்தார். இரண்டு நாற்றமும் ஒன்றாக இருக்கிறதே, ஆலைக் கழிவுநீரையே தோலுக்குப் பயன்படுத்தினால் என்ன? செய்து பார்த்தார். சுண்ணாம்பு போயிற்று. ஆனால் தோல் எதிர்பார்த்த அளவு மிருதுவாகவில்லை. அத்தோடு விட்டுவிட்டாரா என்றால் இல்லை. அப்படியானால் கழிவில் வேறு ஏதோ ஒன்று வேலை செய்கிறது, அது என்ன என்று துருவினார். கடைசியில் விடை கிடைத்தது. கணையத்திலிருந்து வரும் செரிமான என்சைம்தான் தோலை மிருதுவாக்குகிறது. அப்படியென்றால் நாயே வேண்டாம். கசாப்புக்கூடத்தில் கிடைக்கும் கணையத்திலிருந்து அந்த என்சைமை எடுத்துவிடலாம். சுத்தமாக, அளந்து போடும்படி, தினமும் ஒரே மாதிரி.

இதற்கு ஓரோபான் என்று பெயர் வைத்தார். வியாபாரம் தெரிந்த நண்பர் ஓட்டோ ஹாஸ் கூடச் சேர்ந்தார். 1907 செப்டம்பர் 6-ஆம் தேதி எஸ்லிங்கன் ஊரில் ரோம் அண்டு ஹாஸ் கம்பெனி பிறந்தது. இரண்டு பேருக்கும் பெயர் ஓட்டோ. ஒருவர் சோதனைக்கூடம், இன்னொருவர் கணக்கும் விற்பனையும். 1909-இல் கம்பெனி டார்ம்ஸ்டாட்டுக்கு மாறியது. அதே ஆண்டு ஹாஸ் அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய்க் கிளை தொடங்கினார்.

இன்றைக்கு நம்ம ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் ஆலைகளில் பேட்டிங் என்று சொல்லி என்சைம் போடுகிறார்களே, அந்த முறைக்கு வழி திறந்தது இந்த ஓரோபான்தான். 1914-இல் இன்னொரு காரியமும் செய்தார் ரோம். அதே என்சைமைத் துணி துவைக்கும் பொருளில் சேர்த்து பர்னஸ் என்ற பெயரில் விற்றார். சலவைத்தூள் பாக்கெட்டில் என்சைம் சேர்ந்தது என்று இன்றைக்குப் பெருமையாகப் போடுகிறார்களே, அதற்கு முன்னோடி அது.

விட்ட இடத்தில் தொட்டவர்

இப்போது யோசித்துப் பாருங்கள். கம்பெனி ஓடுகிறது. பணம் வருகிறது. தோல், சோப்பு என்று பெயரும் வந்தாயிற்று. 25 வயதில் எழுதிய தீசிஸ் பரணில் கிடக்கிறது. வேறு யாராக இருந்தாலும் அதை மறந்திருப்பார்கள். பட்டம் வாங்கியதோடு நோட்டைப் பழைய பேப்பர் கடையில் போடுகிற நமக்கு இது நன்றாகவே புரியும்.

ரோம் மறக்கவில்லை. கம்பெனி காலூன்றியதும் அக்ரிலிக் ஆராய்ச்சியை மறுபடி தொடங்கினார். 1912-இல் அதை ரப்பருக்குப் பதிலாகப் பயன்படுத்தும் வழிக்கு உரிமை பதிவு செய்தார். பிறகு வார்னிஷில் எண்ணெய்க்குப் பதிலாகப் போடலாமா என்று பார்த்தார். நடுவில் முதல் உலகப் போர் வந்தது. பணவீக்கம் வந்தது. ஜெர்மனியில் ஒரு ரொட்டி வாங்க நோட்டுக்கட்டு கொண்டுபோன காலம் அது. ஆராய்ச்சி நிற்கவில்லை. தோல் மருந்து சம்பாதித்துக் கொடுத்தது, அக்ரிலிக் அதைச் செலவழித்தது. இதுதான் என்னைக் கவர்ந்த இடம். வயிற்றுக்கு ஒரு வேலை, மனசுக்கு ஒரு வேலை. ஒன்றை மற்றொன்று சுமந்தது.

வால்டர் பாவர் என்ற திறமையான வேதியியலாளர் அவரோடு சேர்ந்தார். மூலப்பொருளை மலிவாகத் தயாரிக்கும் வழிகளைக் கண்டுபிடித்ததில் பாவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1928-இல் லூக்லாஸ் என்ற பாதுகாப்புக் கண்ணாடி வெளிவந்தது. இரண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவில் அக்ரிலிக் படலம். கார் மோதினால் கண்ணாடி விரியும், ஆனால் சில்லு பறந்து முகத்தைக் கிழிக்காது. படலத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும்.

ஆனால் அந்தப் படலம் மெத்தென்று இருந்தது. தனியாக எடுத்தால் ஜவ்வு மாதிரி. தானே தகடாக நிற்கிற வலிமை அதற்கு இல்லை. இங்கேதான் வேதியியலின் ஒரு சின்னக் குறும்பு. சங்கிலியில் ஒன்றுவிட்டு ஒரு கார்பனில் ஒரு ஹைட்ரஜனை எடுத்துவிட்டு ஒரு மீத்தைல் தொகுதியை வைத்தால், மீத்தைல் மெத்தக்ரிலேட் என்ற வேறு பொருள் ஆகிறது. அந்த மீத்தைல் குட்டை வேலி மாதிரி குறுக்கே நின்று சங்கிலியைச் சுலபமாகத் திரும்பவிடுவதில்லை. விளைவு? மற்றது அறை வெப்பத்திலேயே மெத்தென்று இருக்க, இது சுமார் 100 டிகிரி வரை விறைப்பாக நிற்கிறது. ஒரே ஒரு தொகுதி! அதில் இருக்கிறது ஜவ்வுக்கும் தகட்டுக்கும் உள்ள வித்தியாசம்.

இரண்டு கண்ணாடிக்கு நடுவில்

இந்தப் புதுப் பொருளையும் கண்ணாடிகளுக்கு நடுவில் ஊற்றிப் பாதுகாப்புக் கண்ணாடி செய்யப் பார்த்தார்கள். அது கெட்டியானதும் கண்ணாடியோடு ஒட்டாமல் தனியே கழன்று வந்துவிட்டது என்று சொல்வார்கள். கையில் எடுத்துப் பார்த்தால் தெளிவான, கண்ணாடியின் பாதி எடைகூட இல்லாத தகடு. ஒட்டவில்லையே என்று தலையில் கை வைக்க வேண்டிய நேரத்தில், ஒட்டாததே நல்லது என்று பார்த்தார்கள். 1933-இல் பிளெக்ஸிகிளாஸ் என்ற பெயர் பதிவானது. அப்போது ரோமுக்கு வயது 57. தீசிஸ் எழுதி 32 வருஷம்!

சொல்வதற்குச் சுலபம், வார்ப்பது அத்தனை சுலபமில்லை. திரவம் தகடாகும்போது ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும். சுருங்கும்போது கண்ணாடி அச்சும் கூடவே நெருங்கி வர வேண்டும். இல்லாவிட்டால் தகடு அங்கங்கே குழிந்துபோகும். அதனால் இரண்டு கண்ணாடிக்கும் ஓரத்தில் வளைந்துகொடுக்கிற கேஸ்கட் வைத்தார்கள். அடுத்த தொல்லை சூடு. சங்கிலி சேரச் சேர வெப்பம் வெளியாகும். வெப்பம் ஏறினால் வேகமும் ஏறும். திரவம் 100 டிகிரியை ஒட்டிக் கொதித்துவிடும். கொதித்தால் தகடு முழுக்கக் குமிழி. ஆகவே அவசரப்படாமல் மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும். பொறுமைசாலிக்கு ஏற்ற பொருள்தான் பொறுமைசாலி கையில் கிடைத்திருக்கிறது.

இதே நேரத்தில் மற்றவர்களும் சும்மா இல்லை. இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. கம்பெனியின் ரோலண்ட் ஹில், ஜான் கிராஃபோர்டு ஆகியோர் உழைப்பில் பெர்ஸ்பெக்ஸ் வந்தது. அமெரிக்காவில் டூபான் கம்பெனி லூசைட் என்று கொண்டுவந்தது. பெயர்கள் மூன்று, சரக்கு ஒன்று. 1937-இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் பிளெக்ஸிகிளாஸ் பரிசு வாங்கியது. 1939-இல் நியூயார்க் கண்காட்சியில் உடம்பெல்லாம் பிளெக்ஸிகிளாஸால் மூடிய ஒரு பான்டியாக் காரை நிறுத்தினார்கள். உள்ளே இருக்கிற நட்டு, போல்ட்டு, பலகை எல்லாம் வெளியே நின்றே தெரிந்தது.

தெளிவு எங்கிருந்து வருகிறது?

நம்ம ஆண்டு விழா நாடகங்களுக்கு வேஷ ஹெல்மெட் செய்கிறவர்களுக்கு இந்தப் பகுதி உபயோகப்படும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ரோம் கண்ட பாடங்கள் அப்படியே நம்ம வைசருக்கும் பொருந்தும்.

அக்ரிலிக்கின் உள்ளே சங்கிலிகள் தாறுமாறாகக் கிடக்கின்றன. படிகம் கிடையாது. படிகம் இல்லாததால் ஒளியைச் சிதறடிக்க உள்ளே தடங்கல் இல்லை. உள்ளே புகுந்த ஒளி கிட்டத்தட்ட முழுசாக வெளியே வந்துவிடும். நஷ்டம் முழுவதும் தோலில்தான். காற்றிலிருந்து பிளாஸ்டிக்குக்குள் நுழையும்போது சுமார் 4 சதவீதம் திரும்பிவிடும். மறுபக்கம் வெளியேறும்போது இன்னொரு 4. மீதி 92 சதவீதம் நம் கண்ணுக்கு. சாதாரண ஜன்னல் கண்ணாடியின் ஓரத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் இரும்புச் சத்தால் பச்சையாகத் தெரியும். அக்ரிலிக் ஓரம் அப்படித் தெரியாது.

ஆகவே வைசர் மங்கலாக இருந்தால் பெரும்பாலும் குற்றம் பொருளின் மேல் இல்லை, பரப்பின் மேல்தான். வார்த்த தகடு ஏன் பளபளக்கிறது? பளபளப்பான கண்ணாடியைத் தொட்டு அப்படியே பிரதி எடுத்ததால். அதே தகட்டைச் சூடாக்கி ஒரு மர அச்சின் மேல் போட்டு அழுத்தினால், மரத்தின் ரேகையையும் அது விசுவாசமாகப் பிரதி எடுத்துவிடும். அதனால்தான் விமானக் கூடாரம் வார்த்தவர்கள் ஒரு வழி கண்டார்கள். தகட்டின் ஓரத்தை மட்டும் வளையத்தில் கவ்விப் பிடித்து, 160 டிகிரி பக்கம் சூடாக்கி, காற்றால் பலூன் மாதிரி ஊதினார்கள். நடுப்பகுதியை எதுவும் தொடவில்லை. தொடாத இடத்தில் தழும்பு ஏது? வட்ட ஹெல்மெட்டுக்கு இதைவிட நல்ல முறை கிடையாது. அச்சில்தான் செய்தாக வேண்டும் என்றால், அச்சை முதலில் எமரி போட்டு வழவழப்பாக்கி மெல்லிய ஃபிளானல் துணி சுற்ற வேண்டும். பாலிகார்பனேட் ஷீட் என்றால் இன்னொரு வேலை கூடுதல். அது காற்றின் ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். சூடாக்குமுன் ஓவனில் 120 டிகிரியில் சில மணி நேரம் உலர்த்தாவிட்டால் பொரி மாதிரி குமிழி கிளம்பும்.

கீறல் விழுந்த வைசர் என்றால் தூக்கிப் போட வேண்டாம். கீறல் வெள்ளையாகத் தெரிவது ஏன்? அந்தப் பள்ளத்தில் காற்று இருக்கிறது. ஒளி சரிவில் பட்டுச் சிதறுகிறது. பள்ளத்தைச் சமமாக்கினால் போயிற்று. 800, 1200, 2000 என்று வரிசையாக வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு நம்பருக்கும் திசையை மாற்றினால் முந்தின கோடு போனதா என்று தெரியும். கடைசியில் பிளாஸ்டிக் பாலிஷ் போட்டு மெத்தென்ற காட்டன் துணி. ஒரே இடத்தில் அழுத்தித் தேய்த்துச் சூடாக்கக் கூடாது. மிக மெல்லிய கீறல் என்றால், தெளிவான அக்ரிலிக் தரைப் பாலிஷை மேலே ஒரு படலம் ஓடவிட்டுத் தூசி படாமல் காயவைத்தாலே மறைந்துவிடும். பள்ளத்தில் காற்றுக்குப் பதில் கிட்டத்தட்ட அதே ஒளிவிலகல் எண் கொண்ட பொருள் வந்துவிடுகிறது. ஒளிக்கு அங்கே பள்ளம் இருப்பதே தெரிவதில்லை.

துடைக்கிற விஷயத்தில் ரொம்பக் கவனம் வேண்டும். தின்னர், பெட்ரோல், அசிட்டோன், அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர் எதுவும் ஆகாது. வளைத்த தகட்டுக்குள் இறுக்கம் இருக்கும். இவை பட்டால் தலைமுடி மாதிரி மெல்லிய விரிசல்கள் ஓடிவிடும். அதற்குப் பிறகு எந்தப் பாலிஷும் உதவாது. சோப்புத் தண்ணீரும் கழுவிய துணியும் போதும். காய்ந்த தூசியைக் கைக்குட்டையால் தேய்ப்பது எமரியால் தேய்ப்பதற்குச் சமம். வளைத்த வைசரை 80 டிகிரியில் கொஞ்ச நேரம் வைத்து மெதுவாக ஆறவிட்டால் அந்த இறுக்கமும் தளரும்.

கடைசியாக மூச்சு. ஹெல்மெட் மாட்டிய இரண்டாவது வசனத்திலேயே உள்ளே பனி மூட்டம். மூச்சின் ஈரம் சின்னச் சின்னத் துளியாக ஒட்டி ஒளியைச் சிதறடிக்கிறது. உள்பக்கம் ஒரு சொட்டு சோப்பைத் தடவி லேசாகத் துடைத்தால், துளிகள் துளியாக நிற்காமல் படலமாகப் பரவிவிடும். படலத்தின் வழியே பார்வை தெளிவாக இருக்கும். தாடைக்குக் கீழே ஒரு துவாரம், உச்சியில் ஒரு துவாரம். சூடான காற்று தானே மேலேறிப் போகும். ஹெல்மெட்டின் உள்பக்கத்துக்குப் பளபளக்காத கறுப்புப் பெயின்ட் அடித்தால், சொந்த முகத்தின் பிம்பம் வைசரில் மிதக்காது.

ஒரு எச்சரிக்கை. வேஷ ஹெல்மெட் வேஷத்துக்கு மட்டும்தான். அதை மாட்டிக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது. அக்ரிலிக் உடைந்தால் கூர்மையாகவே உடையும்.

போரும் கண்ணும்

ரோமின் கதையில் ஒரு இருட்டான பக்கமும் உண்டு. அதை மறைத்து எழுதினால் அது நினைவுமலர்க் கட்டுரையாகாது, விளம்பரமாகிவிடும்.

பிளெக்ஸிகிளாஸ் வந்த 1933-தான் ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த வருஷமும். இலேசான, வளைக்கக்கூடிய, தெளிவான தகடு யாருக்கு முதலில் தேவைப்பட்டது என்று யூகிப்பது கஷ்டமில்லை. விமானப் படைக்கு. ஹைன்கல் குண்டுவீச்சு விமானங்களின் கண்ணாடி மூக்கு அந்தத் தகடால் ஆனது. எதிர்த்தரப்பில் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் விமானக் கூடாரம் பெர்ஸ்பெக்ஸ். அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களின் மூக்கு ஃபிலடெல்ஃபியாவில் பழைய கூட்டாளி ஹாஸ் நடத்திய கம்பெனியின் பிளெக்ஸிகிளாஸ். இரண்டு ஓட்டோக்களின் பெயரில் தொடங்கிய ஒரே கம்பெனியின் சரக்கு இரண்டு பக்கமும் பறந்தது. 1939 செப்டம்பர் 1-இல் போர் தொடங்கியது. சரியாக 16 நாள் கழித்து, செப்டம்பர் 17-ஆம் தேதி, பெர்லினில் ஓட்டோ ரோம் காலமானார். வயது 63. தன் தகடு செய்த நாசத்தை அவர் பார்க்கவில்லை. அது நினைத்தே பார்க்காத ஒரு நன்மை செய்ததையும் அவர் பார்க்கவில்லை.

அந்த நன்மை இதுதான். போரில் விமானக் கூடாரம் உடைந்து, பிரிட்டிஷ் விமானிகள் சிலருக்குக் கண்ணுக்குள் பெர்ஸ்பெக்ஸ் சில்லு புகுந்தது. வேறு பொருள் என்றால் கண் சிவந்து வீங்கிச் சீழ் பிடித்திருக்கும். இந்தச் சில்லுகள் கண்ணுக்குள் சாதுவாகக் கிடந்தன. ஹரால்டு ரிட்லி என்ற லண்டன் கண் டாக்டர் இதைக் கவனித்தார். கண்புரையை எடுத்த பிறகு சோடாப்புட்டிக் கண்ணாடியோடு தடுமாறுகிற நோயாளிகளுக்கு, இதே பொருளில் ஒரு சின்ன லென்ஸ் செய்து கண்ணுக்குள்ளேயே வைத்தால் என்ன? 1949 நவம்பர் 29-ஆம் தேதி லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் அதைச் செய்தார். பல டாக்டர்கள் அவரைத் திட்டினார்கள். பல வருஷம் கழித்துத்தான் உலகம் ஒப்புக்கொண்டது.

நமக்குப் பக்கத்து ஊர் சங்கதி ஒன்றும் இதில் இருக்கிறது. 1992-இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனைக் குடும்பத்திலிருந்து ஆரோலேப் தொடங்கியது. வெளிநாட்டிலிருந்து அதிக விலைக்கு வந்துகொண்டிருந்த அந்த லென்ஸை இங்கேயே, ஏழைக்கும் எட்டுகிற விலையில் செய்து காட்டியது. அதன் ஆரம்பகால லென்ஸ்கள் செய்த பொருள் எது? ரோம் தகடாக வார்த்த அதே பாலிமீத்தைல் மெத்தக்ரிலேட். கிராமத்தில் கண் முகாமுக்குப் போய் வந்து, பேத்தியின் முகத்தை மறுபடி பார்த்த எத்தனையோ பாட்டிகளின் கண்ணுக்குள் இந்தச் சரக்குதான் உட்கார்ந்திருக்கிறது. அவர்களுக்கு ஓட்டோ ரோம் பெயர் தெரிய வேண்டிய அவசியமில்லை. நமக்குத் தெரிய வேண்டும்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

பெரிய மனிதர் வாழ்க்கையை எழுதினால் கடைசியில் ஒரு நீதி சொல்ல வேண்டும் என்பது மலர்க் கட்டுரைகளின் சம்பிரதாயம். நான் ஒன்றே ஒன்று சொல்கிறேன்.

நம்மில் பலருக்கு டிப்ளமோ முடிந்ததும் கிடைக்கப்போவது நாம் கனவு கண்ட வேலை இல்லை. மோல்டிங் படித்தவன் ஸ்டோர்ஸில் பில் எழுதுவான். டிராயிங்கில் ஃபர்ஸ்ட் வந்தவன் மாமா கடையில் உட்காருவான். வீட்டில் தங்கச்சி கல்யாணம் இருக்கும், கடன் இருக்கும். கிடைத்த வேலையைச் செய்துதான் ஆக வேண்டும். அது அவமானம் இல்லை. ரோம் செய்தது நாய்க் கழிவோடு போராடும் வேலை. அதையும் அவர் கடனுக்குச் செய்யவில்லை. ஏன் இப்படி நடக்கிறது என்று கேட்டுக் கேட்டே செய்தார். அதனால் தோல் தொழிலாளியின் கஷ்டமும் குறைந்தது, அவருடைய சொந்தக் கேள்விக்கும் பணம் கிடைத்தது.

ஆனால் பரணில் கிடந்த அந்த நோட்டை அவர் பழைய பேப்பர் கடையில் போடவில்லை. அதுதான் முக்கியம். நம்ம புராஜெக்ட் ரிப்போர்ட்டில் பாதியில் விட்ட ஒரு சந்தேகம் எல்லோரிடமும் ஒன்று இருக்கும். வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்டு நாம் பதில் சொல்லாமல் நின்ற கேள்வியாகக்கூட இருக்கலாம். அதை ஒரு டைரியில் எழுதி வையுங்கள். ஷிஃப்ட் முடிந்து வந்து வாரத்துக்கு ஒரு தரமாவது அதைத் திறந்து பாருங்கள். விடை 32 வருஷம் கழித்து வந்தாலும் வரட்டும், பரவாயில்லை.